நோயின் பெயருக்கு முன் நோயின் இடம்: நரம்பியலில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

மருத்துவமனை வாட்டில் ஒரு நோயாளியைக் காட்டி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால், மருத்துவபீட மாணவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். நரம்பியலில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இந்த அவசரத்திலிருந்தே பிறக்கின்றன. மூளையா, மூளைத்தண்டா, முண்ணாணா (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு), நரம்பு வேரா, வெளிநரம்பா, தசையா என்று இடத்தை முதலில் தீர்க்க வேண்டும். அதன் பிறகே காரணத்துக்கு வரலாம். இடத்தைப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். காரணத்தை, நோய் தொடங்கிய வேகம் காட்டிக்கொடுக்கும்: நொடிகளில் வந்தால் இரத்தக்குழாய், நாட்களில் முற்றினால் அழற்சி அல்லது தொற்று, வாரக்கணக்கில் மெல்ல ஏறினால் கட்டி என்று முதலில் சந்தேகிப்பது வழக்கம்.

வாய் கோணி வரும் நோயாளியை எடுத்துக்கொள்வோம். நெற்றியின் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருவதால், பாரிசவாதத்தில் (பக்கவாதத்தில்) புருவத்தை உயர்த்த முடியும். முகத்தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பே கெட்டுப்போன பெல்ஸ் பால்சியில் நெற்றி, கண், வாய் மூன்றும் ஒருசேரச் சோர்ந்துவிடும். இதை எல்லா மாணவர்களும் ஒப்பிப்பார்கள். ஆனால், மூளைத்தண்டின் பொன்ஸ் பகுதியில் வரும் பாதிப்பும் நெற்றியை விட்டுவைக்காது என்பதை மறந்து, அந்தப் பக்கக் கண் வெளிப்புறம் திரும்புகிறதா, மறுபக்கக் கைகாலில் பலவீனம் உண்டா என்று பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். காதுக்குள் அக்கிக் கொப்புளம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவர்களும் குறைவு. பாரிசவாதம்தான் என்று தோன்றினால், விரல் நுனியில் குத்திச் சீனியின் அளவைப் பார்க்காமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது. சீனி இறங்கியவரும் அச்சொட்டாக அப்படியே இருப்பார். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குரிய அவகாசம் 4.5 மணி நேரம். அதை, வீட்டார் கண்டுபிடித்த நேரத்திலிருந்து கணக்கிடுவது தவறு. நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்தே கணக்கிட வேண்டும். மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து வளைவுப் பாதையில் இறங்கி வருவதற்கே நேரம் போய்விடும் மலையகத்தில், நோய் வரலாற்றின் முதற் கேள்வி இதுவாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது கை. கொழுந்தெடுக்கும் ஒரு பெண் இரு கைகளும் மரத்துப்போவதாகச் சொன்னால், கூடையின் கயிறு தலையையும் கழுத்தையும் இழுப்பதால் கழுத்தெலும்புத் தேய்வு என்று எழுதிவிடுவது மிகச் சுலபம். இரவில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தூக்கத்தில் எழும்பிக் கையை உதறினால் சுகமாக இருக்கிறது என்பாரானால், மணிக்கட்டிலுள்ள ஒடுங்கிய சுரங்கத்தில் நடுநரம்பு நெரிபடும் கார்பல் டனல் நோயே முன்னுக்கு வருகிறது. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, பெருவிரலைக் கூரையை நோக்கி நேராக உயர்த்தச் சொல்லி, அதை அழுத்திப் பாருங்கள். பிறகு பெருவிரலடி மேட்டின் தோலைத் தொட்டுப் பாருங்கள். அதற்குப் போகும் கிளை சுரங்கத்துக்கு முன்னரே பிரிந்துவிடுவதால் அங்கே உணர்ச்சி மாறாதிருக்கும். ஆறாம் கழுத்து வேர் என்றால் மரப்பு முன்கை வரை ஏறும், முழங்கை மடிப்பில் தட்டும்போது எழும் அனிச்சையும் குறையும். கர்ப்பம், நீரிழிவு, தைரொயிட் குறைபாடு ஆகியவற்றையும் கேட்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் மரத்து, கைத்தசை தேய்ந்திருந்தால், முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பாருங்கள். தொழுநோய் இலங்கையில் இன்னும் உண்டு. உணர்விழந்த ஒரு வெளிறிய தோல்திட்டு சட்டைக்குள் மறைந்திருக்கலாம்.

மணிக்கட்டை உயர்த்தும் ரேடியல் நரம்பு கெட்டு, மணிக்கட்டு தொங்கிப்போன நோயாளியிடம் இன்னொரு பொறி இருக்கிறது. கை தொங்கிய நிலையில் விரல்களை அகற்றச் சொன்னால் அவரால் சரியாக முடியாது. உடனே சுண்டுவிரல் பக்கத்து நரம்பான அல்நார் நரம்பும் போய்விட்டது என்று எழுதிவிடுகிறார்கள். கையை மேசைமேல் தட்டையாக வைத்துவிட்டு மறுபடி சோதித்தால், விரல்கள் நன்றாகவே அகலும். மேற்கை எலும்பின் நடுவில் ரேடியல் நரம்பு அடிபட்டிருந்தால், முழங்கையை நீட்டும் தசை பெரும்பாலும் தப்பியிருக்கும்.

வெட்டுக்காயங்களில் நடக்கும் தவறோ திருத்தவே கடினமானது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி மணிக்கட்டில் பட்டு வருபவருக்கு, மரத்துப்போகும் ஊசியைப் போட்டுத் தைத்துவிட்டு, பிறகு உணர்ச்சியைச் சோதிப்பதில் பயன் ஏதுமில்லை. ஊசிக்கு முன் சோதித்து எழுதி வைக்க வேண்டும். கூரிய கருவியால் வெட்டுண்டு செயலிழந்த நரம்பைச் சீக்கிரமாகத் திறந்து பார்த்துத் தைக்க வேண்டும். பொறுத்திருந்து பார்ப்பது மூடிய காயங்களுக்கு உரியது. அறுந்த நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றரே வளரும் என்பதால், இழந்த மாதங்கள் திரும்பக் கிடைக்கமாட்டா. தசை மின்பதிவைக் காயப்பட்ட முதல் வாரத்திலேயே எடுத்து, "குறை ஏதுமில்லை" என்று ஆறுதல் அடைவதும் ஏமாற்றம்தான்; நரம்பிழந்த தசையின் அடையாளங்கள் தெரிய 2 முதல் 3 வாரங்கள் வேண்டும்.

நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களில் மணிக்கணக்காகக் குந்தியிருந்து வேலை செய்பவர்களுக்குப் பாதம் தொங்கிப்போவதுண்டு; முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்தில் பெரோனியல் நரம்பு நெரிபடுவதே காரணம். இதை இடுப்பு டிஸ்க் என்று எண்ணி ஸ்கேனுக்கு அனுப்பும் முன், பாதத்தை உள்நோக்கித் திருப்பச் சொன்னால் போதும். பெரோனியல் நரம்பில் அந்த அசைவு தப்பும். ஐந்தாம் இடுப்பு வேரில் அதுவும் பலவீனப்படும். வலியே இல்லாமல் பாதம் தொங்கி, அனிச்சைகள் தூக்கலாகி, உள்ளங்காலைக் கீறும்போது கால் பெருவிரல் மேல்நோக்கி எழும்பினால், மண்டையின் உச்சியில் நடுக்கோட்டோரம் வளரும் மெனிஞ்சியோமா என்னும் மூளையுறைக் கட்டியைத் தேட வேண்டும். இரு கால்களும் விறைத்து, நெஞ்சு மட்டத்தில் உணர்ச்சி மாறும் நோயாளிக்கு இடுப்புப் பகுதியின் எம்.ஆர்.ஐ. கேட்பதும் இதே வகைத் தவறு. முண்ணாண் முதலாம் இடுப்பு முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. தேடும் பொருள் அதற்கு மேலே இருக்கிறது.

மூளைக் கட்டியைப் பொறுத்தவரை, தலைவலியைக் கண்டு அஞ்சுவதும் மற்ற அறிகுறிகளைக் கண்டு அஞ்சாதிருப்பதுமே வழமையான பிழை. தனித் தலைவலி மட்டும் கட்டியாக முடிவது அரிது. வயது வந்த ஒருவருக்கு முதன்முறை வலிப்பு, வாரத்துக்கு வாரம் கூடும் பலவீனம், ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைதல் ஆகியவையே நம்மை நிறுத்த வேண்டியவை. கண்ணாடியை மாற்றி மாற்றியும் ஓரப்பார்வை தெரியவில்லை என்பவரின் பார்வைப் புலத்தை, எதிரில் அமர்ந்து விரலை அசைத்துச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் கட்டி அதிலேயே பிடிபடும். கலகலப்பாக இருந்தவர் பேச்சுக் குறைந்து, குளிக்க மனமின்றி, இருந்த இடத்திலேயே சிறுநீர் கழிக்கிறார் என்றால், மனச்சோர்வு என்றோ தோஷம் என்றோ முடிவாகுமுன் மூளையின் முன்பகுதியை நினைக்க வேண்டும். வீட்டார் கோயிலுக்குப் போய் வந்ததைச் சிரித்து ஒதுக்குபவருக்கு இந்த வரலாறு கிடைக்காது. கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு வீங்கும் கண்ணடி வீக்கம் இல்லாததால் கட்டியும் இல்லை என்று சொல்ல முடியாது. கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாம் நரம்பின் செயலிழப்பு, மண்டைக்குள் அழுத்தம் கூடியதன் விளைவாகவும் வரும். கட்டி அங்கேதான் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. முதியவரோ குடிப்பவரோ குழம்பிப்போய் வந்தால், வாரங்களுக்கு முன் வழுக்கி விழுந்தாரா என்று கேளுங்கள். மெல்லக் கசிந்து, டியூரா என்னும் மூளையுறைக்குக் கீழே தேங்கிய இரத்தக்கட்டு மறதி நோயைப்போல் நடிக்கும்.

என்ன உண்டார், எதைத் தெளித்தார் என்று கேளாமல் விடுவது கடைசித் தவறு. 1977-78 காலத்தில் இலங்கையில் இளம் பெண்பிள்ளைகள் பலருக்குக் கைகால் நுனிகள் செயலிழந்தன. வெறும் நரம்பழற்சியாகத் தோன்றிய அந்நோயில் முண்ணாண் பாதைகளும் பாதிக்கப்பட்டிருந்தன. பூப்பெய்திய பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேட் என்னும் நச்சு இரசாயனம் கலந்திருந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. நம் வீடுகளில் யாருக்கும் தெரிந்த வழக்கம்தான். கேட்டால் மட்டுமே வெளிவரும். பூச்சிகொல்லி நஞ்சிலும் இப்படியே: முதல் நாளின் வியர்வையும் எச்சிலும் தணிந்தவுடன் நோயாளி தேறிவிட்டார் என்று நினைக்கும் வேளையில், 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் தோளும் மூச்சுத் தசைகளும் தளரலாம். இந்த இடைநிலை நோய்க்குறியை 1987இல் விவரித்தவர்கள் இலங்கை வைத்தியர்களான நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும். இத்தகைய நோயாளியிடம், தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லி ஒவ்வொரு சுற்றிலும் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் சுவாசக் கருவியுள்ள பிரிவுக்கு உடனே அறிவிக்க வேண்டும்.