பைனாகுலர் வாங்கும் முன்

பறவை பார்க்கத் தொடங்கியபோது நான் செய்த முதல் தப்பு, ஒரு பொருட்காட்சிக் கடையில் 20 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் வாங்கியது. கை நடுங்கினால் மரமே ஆடும், அதில் எங்கே குருவியைத் தேடுவது? 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். காலை மங்கலிலும் தெளிவாகத் தெரியும்.

அதைக்கூட உடனே வாங்க வேண்டாம். முதல் மாதம் மொட்டைமாடியும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். அளவு (மைனாவைவிடப் பெரிதா, சிறிதா?), அலகு, வாலை ஆட்டும் விதம், உட்கார்ந்த இடம். நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள், வெயில் அதில் ஏமாற்றும்.

அப்புறம் போனில் மெர்லின் செயலி. இலவசம்தான். இந்தியாவுக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத ஏரிக்கரையிலும் பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். எங்கள் தெரு அரசமரத்தில் வருஷக்கணக்கில் கேட்ட 'டொக் டொக்' செம்மார்புக் குக்குறுவான் என்று அப்படித்தான் தெரிந்தது. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் சேர்க்க மாட்டேன், செயலியும் தடுமாறும்.

பார்த்ததை இ-பேர்டில் (eBird, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளம்) பதியுங்கள். பக்கத்து ஏரியில் எந்த மாதம் எது வருகிறது என்பதும் அதிலேயே கிடைக்கும்.

துணைக்கு ஆள் வேண்டுமா? 2015 முதல் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும், மாடியிலிருந்தே எண்ணலாம்.