கர்ப்பப்பை ஸ்கேன்: படம் எடுக்கும் முன்பே நேரும் தவறுகள்

ஒரே பெண், ஒரே கருவி. மாதவிலக்கு நின்ற மறுநாள் பார்த்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு 4 மி.மீ. இருக்கும். அதே சுழற்சியின் 22ஆம் நாள் பார்த்தால் 13 மி.மீ. இரண்டுமே சரியான அளவுதான். ரிப்போர்ட்டில் "இ.டி 13" (இ.டி என்பது உள்சவ்வின் தடிமன்) என்று பார்த்ததும் கலங்கிப்போகிற பலருக்கு, அன்று தங்களுக்குச் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்ற கேள்வியே எழுவதில்லை. கர்ப்பப்பை ஸ்கேனில் நடக்கும் பெரும்பாலான பிழைகள் கருவியால் வருபவை அல்ல. நாள் கணக்கிலும் சிறுநீர்ப்பையிலும் சீட்டில் எழுதப்படும் வரியிலும் அவை தொடங்குகின்றன.

முதலில் நாள் கணக்கு. "கடைசியாக எப்போது வந்தது?" என்று கேட்டால், தலைக்குக் குளித்த நாளையோ உதிரம் நின்ற நாளையோ சொல்பவர்கள் நிறையப் பேர். உதிரம் பட்ட முதல் நாளைத்தான் சொல்ல வேண்டும். மூன்று நாள் தள்ளிச் சொன்னால் மொத்தக் கணக்கும் மூன்று நாள் பிசகும். மாதவிலக்குச் சமயத்தில் சவ்வு 1 முதல் 4 மி.மீ., அதையடுத்து 5 முதல் 7, கருமுட்டை வெளிவரும் தறுவாயில் 11 வரை, பிற்பாதியில் 7 முதல் 16 வரை இருப்பது இயல்பு. பிற்பாதியில் சவ்வு தடித்துத் திரையில் வெள்ளையாகத் தெரியும். உள்சவ்விலிருந்து வளரும் சிறு சதையான பாலிப்பும் வெள்ளையாகத்தான் தெரியும். வெள்ளைக்குள் வெள்ளை ஒளிந்துகொள்கிறது. இல்லாத பாலிப் இருப்பதாகவும் இருக்கும் பாலிப் இல்லாததாகவும் ரிப்போர்ட் வருவது இப்படித்தான். பாலிப் சந்தேகம் என்றால் உதிரம் நின்ற பிறகு, 10ஆம் நாளுக்குள் பார்ப்பது நல்லது. அப்போதும் தெளிவில்லை என்றால், மெல்லிய குழாய் வழியே சில மில்லி சலைன் நீரை உள்ளே செலுத்திப் பார்க்கும் ஸ்கேன் இருக்கிறது. கறுப்பாகத் தெரியும் நீருக்கு நடுவே பாலிப் காம்போடு தொங்குவது கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது சிறுநீர்ப்பை. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்கு அது நிறைந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பு நான்கைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கி வைத்தால் போதும். நிறையாவிட்டால் குடலில் உள்ள வாயு படத்தை மறைக்கும். தாங்க முடியாத அளவு நிறைந்தாலும் தவறுதான்: கர்ப்பப்பை பின்னால் தள்ளப்பட்டு நசுங்கி, வடிவமே மாறித் தெரியும். அப்படி முட்டிக்கொண்டிருந்தால் சொல்லிவிட்டு, பாதி கழித்துவிட்டு வரலாம். பிறப்புறுப்பு வழியே பார்க்கும் டி.வி.எஸ்ஸுக்கு நேர்மாறாக, முழுவதும் கழித்துவிட்டு வர வேண்டும். வயிற்று ஸ்கேன் முதலில், பிறகு கழிப்பறை, பிறகு டி.வி.எஸ். இந்த வரிசையில் போனால் ஒரே வருகையில் இரண்டும் முடியும்.

ஒன்று பார்த்தாயிற்றே, இன்னொன்று எதற்கு என்று விடுவதும் பிழை. டி.வி.எஸ் கருவியின் அதிர்வெண் அதிகம். அருகில் இருப்பதை நுணுக்கமாகக் காட்டும், ஆனால் ஆழம் போகாது. தொப்புள் வரை எழும்பிய பெரிய ஃபைப்ராய்டின் (கர்ப்பப்பைத் தசைக் கட்டி) மேல்பகுதியை அது தவறவிடும். வயிற்றுக் கருவி அதைப் பிடித்துவிடும், ஆனால் பின்பக்கம் சாய்ந்த கர்ப்பப்பையின் சவ்வைத் தெளிவாகக் காட்டாது. மணமாகாத பெண்களுக்கு டி.வி.எஸ் வழக்கமாகச் செய்வதில்லை. தேவை இருந்தால், அவர்கள் சம்மதத்துடன் ஆசனவாய் வழியே பார்க்கும் முறை உண்டு. கருவிக்குப் போடும் ரப்பர் உறை ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சவ்வை அளப்பதிலும் கை பிசகும். கர்ப்பப்பையின் நெடுவாட்டு நடுக்கோட்டுப் படத்தில், சவ்வு மிகத் தடித்த இடத்தில், முன்சுவர்ப் படலத்தையும் பின்சுவர்ப் படலத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். படம் சற்றுச் சாய்ந்தால் அளவு கூடிவிடும். சவ்வைச் சுற்றியுள்ள கருமையான தசை வளையத்தைச் சேர்த்துவிடுவது இன்னொரு பிழை. உள்ளே திரவம் இருந்தால் அதை விட்டுவிட்டு இரு படலங்களையும் தனித்தனியே அளந்து கூட்ட வேண்டும்.

4 மி.மீ. என்ற எல்லை படும் பாடு தனி. அது வயதாகி மாதவிடாய் நிரந்தரமாக நின்ற பிறகு உதிரம் படும் பெண்களுக்கான அளவு. அவர்களுக்குச் சவ்வு 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. மேலே போனால் திசுப் பரிசோதனை வேண்டும். மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் 38 வயதுப் பெண்ணுக்கு இந்த எல்லையைப் பொருத்திப் பார்ப்பது பொருளற்றது. இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சவ்வு மெலிதாக இருந்தும் உதிரம் திரும்பத் திரும்பப் பட்டால், "ஸ்கேன் நார்மல்" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. திசுப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்கு நோயில்லாமலே சவ்வு தடித்து, சிறு ஓட்டைகளோடு தெரியும். அந்த மாத்திரையின் பெயர் ஸ்கேன் செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பல்க்கி யூட்ரஸ்" (பருத்த கர்ப்பப்பை) என்ற இரண்டு சொல், எத்தனையோ பெண்களைக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று யோசிக்க வைத்திருக்கிறது. அது நோயின் பெயர் அல்ல. வளர்ந்த பெண்ணின் கர்ப்பப்பை ஏறத்தாழ 7, 8 செ.மீ. நீளம் இருக்கும், குழந்தை பெற்றவர்களுக்குச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். பெரிதாக இருக்கிறது என்றால் ஏன் என்று ரிப்போர்ட் சொல்ல வேண்டும். ஃபைப்ராய்டு என்றால் எத்தனை, மூன்று பக்க அளவு என்ன, உட்குழிக்குள் நீட்டுகிறதா, சுவருக்குள் இருக்கிறதா, வெளிப்பக்கம் இருக்கிறதா. உட்குழிக்குள் நீட்டும் 1.5 செ.மீ. கட்டி தரும் உதிரப்போக்கை, வெளிப்புறம் இருக்கும் 5 செ.மீ. கட்டி பெரும்பாலும் தருவதில்லை. உள்சவ்வுத் திசு தசைச் சுவருக்குள் வளரும் அடினோமயோசிஸைக் கட்டி என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. ஃபைப்ராய்டுக்கு விளிம்பு தெளிவாக இருக்கும், ரத்தக் குழாய்கள் அதைச் சுற்றி ஓடும். அடினோமயோசிஸுக்கு எல்லை இருக்காது, பெரும்பாலும் ஒரு பக்கச் சுவர் அதிகமாகத் தடிக்கும், குழாய்கள் ஊடே போகும். கர்ப்பப்பைத் தசை ஓரிடத்தில் தற்காலிகமாகச் சுருங்கினாலும் கட்டி போலவே தெரியும். சற்று நேரம் விட்டுத் திரும்பப் பார்த்தால் அது மறைந்திருக்கும்.

கருக்குழாய் பார்க்கும் ஹெச்.எஸ்.ஜி எக்ஸ்ரேயை உதிரம் நின்ற பிறகு, கருமுட்டை வெளிவரும் முன் எடுக்க வேண்டும். மாதவிலக்கு வந்தது முதல் எடுக்கும் நாள் வரை உடலுறவு கூடாது. கரு உருவாகியிருந்தால் கதிர்வீச்சு அதன்மேல் படும். மருத்துவர் சொன்ன வலி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டால் உடல் இறுகாது. படத்துக்காக உள்ளே செலுத்தும் சாய மருந்தை வேகமாகத் தள்ளினால் கருக்குழாயின் வாய் சுருங்கி மூடிக்கொள்ளும். படத்தில் அது அடைப்பாகத் தெரியும். குழாய் தொடங்கும் இடத்திலேயே அடைப்பு என்று வந்தால், உண்மையான அடைப்பா சுருக்கமா என்று உறுதி செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது. ஊசியில் தங்கிய காற்றுக் குமிழி பாலிப் போலத் தெரியும். ஆனால் அது இடம் மாறும். உட்குழி இரண்டாகப் பிரிந்து தெரிந்தால், நடுவில் தடுப்புச் சுவரா, கர்ப்பப்பையே இரட்டைக் கொம்பாகப் பிளந்திருக்கிறதா என்று ஹெச்.எஸ்.ஜியால் சொல்ல முடியாது. மேற்பக்கத்தின் வெளிவடிவம் அதில் தெரியாது. முப்பரிமாண ஸ்கேனோ எம்.ஆர்.ஐயோ பார்த்த பிறகே கத்தியைத் தொட வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

சி.டி ஸ்கேன் விலை அதிகம் என்பதால் கர்ப்பப்பைக்கு அதுவே மேல் என்று நினைப்பவர்கள் உண்டு. உள்சவ்வையும் தசையையும் பிரித்துக் காட்டுவதில் அது டி.வி.எஸ்ஸுக்குப் பின்தான்; கதிர்வீச்சும் உண்டு. சிக்கலான நிலைக்கு எம்.ஆர்.ஐ. உடலில் பேஸ்மேக்கர், கிளிப், காப்பர்-டி எது இருந்தாலும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, சீட்டு. "பெல்விஸ் ஸ்கேன்" என்று மட்டும் எழுதிய சீட்டோடு போனால், பார்ப்பவர் எதைத் தேடுவது என்று தெரியாமல் பொதுவாகப் பார்த்து அனுப்புவார். "42 வயது, இரண்டு சிசேரியன், மாதாமாதம் மாதவிலக்கு முடிந்தும் ஒரு வாரம் பழுப்பாகக் கசிகிறது, இன்று 9ஆம் நாள்" என்று இருந்தால் அவர் கருவியை நேராகத் தழும்பின் மேல் கொண்டுபோவார். பழைய தையல் இடத்தில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு குழி விழுந்து, அதில் பழைய உதிரம் தேங்கியிருந்தால் கறுப்பு முக்கோணமாகத் தெரியும். கசிவுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். சிசேரியன் என்ற சொல் சீட்டில் இல்லாவிட்டால் அந்த முக்கோணம் கண்ணில் படாமலே போய்விடும்.