டாக்டர் ஆர்டரைக் கணினிக்கு மாற்றுவது எப்படி? ஒரே ஒரு வார்டில் தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் மருந்தாளுநராக இருக்கிறேன். இங்கே ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனையை 2002-இல் திறந்தபோதே காகிதம் இல்லாத மருத்துவமனையாகத் திட்டமிட்டிருந்தார்கள். வேறு பல இடங்களில் இன்னும் கட்டில் கால்மாட்டில் சார்ட் தொங்குகிறது. அதில் டாக்டர் எழுதும் ஆர்டரை, அதாவது எந்த மருந்து, எந்தப் பரிசோதனை என்பதை, இனி அவரே கணினியில் பதிய வேண்டும் என்று உங்கள் மருத்துவமனையில் முடிவாகிவிட்டதா? சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள்தான் அதிகம்.

படி 1: ஒரு ஆர்டரின் பின்னாலேயே நடங்கள்

நோட்டுப் புத்தகத்தோடு ஒரு நாள் வார்டில் நில்லுங்கள். டாக்டர் வாயிலிருந்து கிளம்பும் ஆர்டர் நோயாளியின் கைக்குப் போய்ச் சேரும்வரை யார் யார் தொடுகிறார்கள், எங்கே காத்திருக்கிறது என்று குறியுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு போனில் சொல்லும் ஆர்டரையும் விடாதீர்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை ஆறே நாளில் முழுவதும் கணினிக்கு மாறியது. வேறு இடங்களிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 ஆனது என்று 2005-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. குழந்தை வந்து பதிவாகும்வரை ஆர்டர் போட முடியவில்லை. முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே மருந்து தயாராகிவிடும். அதே சாஃப்ட்வேரை சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் போட்டது. அங்கே இறப்பு கூடவில்லை. அவசர நோய்களுக்கான ஆர்டர் தொகுப்புகளை, அதாவது ஒரு நோய்க்கு வழக்கமாகத் தேவைப்படும் ஆர்டர்களை ஒன்றாகக் கட்டி, அவர்கள் முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள்.

படி 2: ஆர்டர் தொகுப்புகளை எழுதுங்கள்

உங்கள் வார்டுக்கு அடிக்கடி வரும் நோய்கள் பத்துப் போதும். ஒவ்வொன்றுக்கும் மருந்து, டோஸ், கொடுக்கும் வழி, நேரம், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே திரையில் வரட்டும். டாக்டர், சிஸ்டர், மருந்தாளுநர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும்.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். கையால் 4 போட்டு, பக்கத்தில் யூனிட்டுக்கான U என்ற ஆங்கில எழுத்தை அவசரமாக எழுதினால், அதன் வாய் மூடிக்கொண்டு 40 ஆகத் தெரியும். திரையில் ‘யூனிட்’ முழுச் சொல்லாகவே வர வேண்டும். வலிமருந்தான மார்ஃபின் 1.0 மில்லிகிராமில் புள்ளி மறைந்தால் 10. அதனால் வெறும் 1 என்றே காட்ட வேண்டும். மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒருமுறைதான். ‘தினமும்’ என்பதே அதற்கான நேரப் பட்டியலில் இருக்கக் கூடாது.

படி 3: பெயரை நம்பாதீர்கள்

நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. கவுண்டர் கோவெண்டராகவும், முதலியார் மூட்லியாகவும் மாறிப் பரவிய ஊர். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே வார்டில் இரண்டு கோவெண்டர், இருவருக்கும் ஒரே முதலெழுத்து. பட்டியலில் ஒரு வரி தள்ளிக் கை பட்டு, பொட்டாசியம் டிரிப் அடுத்த கட்டில்காரர் பெயரில் வந்துவிட்டது. அவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது; பொட்டாசியம் வெளியேறாமல் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். கைப்பட்டையைப் பார்த்த சிஸ்டர் நிறுத்தினார். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

கையெழுத்துத் தப்பு போகும், சரி. அந்த இடத்தில் இந்தத் தப்பு வந்து உட்காரும். ஆகவே ஆர்டர் திரையில் முழுப் பெயர், பிறந்த தேதி, கோப்பு எண், கட்டில் எண் எப்போதும் கண்ணில் படட்டும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் கணினி எச்சரிக்க வேண்டும். நாட்டின் 13 இலக்க அடையாள எண்ணை மட்டும் நம்பினால் பிறந்த குழந்தைக்கும் புகலிடம் கேட்டு வந்தவருக்கும் என்ன செய்வீர்கள்?

படி 4: எச்சரிக்கைகளைக் குறையுங்கள்

ஒவ்வாமை, அளவு மீறிய டோஸ், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு சேரக் கூடாத மருந்து போன்ற சிலவற்றோடு தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் யாரும் படிக்காமலே தள்ளிவிடுவார்கள்.

படி 5: தொடங்கும் நாள்

வாரத் தொடக்கத்தில், காலையில், ஒரே வார்டில் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். நன்றாகப் பழகிய ஒருவர் ராத்திரி ஷிஃப்டிலும் கூடவே இருக்கட்டும்.

அப்புறம் கரண்டு. லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, நமக்குப் பழக்கம்தான். ஜெனரேட்டர் இருந்தாலும், வார்டு ரவுட்டருக்கும் யுபிஎஸ் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் மருந்துப் பட்டியலை அச்செடுத்து வையுங்கள். கரண்டு வந்ததும் காகித ஆர்டரைத் திரும்பக் கணினியில் ஏற்றுவது யார் என்று பெயர் போட்டு எழுதி ஒட்டுங்கள்.

முதல் மாதம் தினமும் மாலையில் இரண்டைக் கணக்கெடுங்கள்: அவசர ஆர்டர் போட்டதிலிருந்து மருந்து உள்ளே போக எத்தனை நிமிடம், எத்தனை எச்சரிக்கைகளைத் தள்ளிவிட்டார்கள். நிமிடக் கணக்கு காகித நாள்களைவிட மோசமாக இல்லை என்று தெரிந்த பிறகே இரண்டாவது வார்டுக்குத் தேதி குறியுங்கள்.