5ஜி வேகம்: விளம்பர எண்ணை நம்பிச் செய்யும் தவறுகள்

2022 அக்டோபர் 1 அன்று டெல்லியில் பிரதமர் 5ஜி சேவையைத் தொடங்கி வைத்தார். அடுத்த சில நாட்களில் ஜியோவின் அறிமுகச் சலுகை நொடிக்கு 1 ஜிகாபிட்டைத் தாண்டும் வேகத்தைப் பேசியது. ஏர்டெல் சென்னை உட்பட 8 நகரங்களில் சேவையைத் தொடங்கி, அன்றைய வேகத்தைவிட 20 முதல் 30 மடங்கு என்றது. அந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு புது போன் வாங்கியவர்கள் ஏராளம். ஆண்டு ரீசார்ஜ் போட்டவர்களும் உண்டு. அவர்களில் பலர் இன்றும் கடையில் க்யூஆர் கோடைக் காட்டி நின்றபடி, திரையில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

விளம்பரத்தில் வந்த எண் பெரும்பாலும் பொய்யல்ல. அது யாருக்கு, எங்கே, எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதைத்தான் விளம்பரம் சொல்வதில்லை. சொல்லாமல் விட்ட அந்த இடத்தை நாமே ஆசையால் நிரப்பிக்கொள்கிறோம். பணம் போவது அங்கேதான்.

5ஜி எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 2017-இல் அது வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று, உச்ச வேகம் 20 ஜிகாபிட். எந்தக் குறுக்கீடும் இல்லாத சூழலில், அலைவரிசை முழுவதும் ஒரே கருவிக்குக் கிடைத்தால் வரக்கூடிய கோட்பாட்டு அளவு அது. இன்னொன்று, நெரிசலான நகரத்தில் பயனாளர் அனுபவிக்கும் வேகம்: பதிவிறக்கம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்; 1000 மெகாபிட் ஒரு ஜிகாபிட்), பதிவேற்றம் 50 எம்பிபிஎஸ். ஒரே அறிக்கை, இரண்டு எண்கள், இடையே 200 மடங்கு வித்தியாசம். மேடையில் பேசப்பட்டது முதல் எண். நம் வாழ்க்கைக்கு உரியது இரண்டாவது. 4ஜி காலத்திலும் இதுதான் நடந்தது. நின்ற இடத்தில் அல்லது மெல்ல நகர்பவருக்கு 1 ஜிகாபிட் என்பது 4ஜிக்கே வைத்த இலக்கு. அதை 4ஜி போனில் கண்ட யாரையும் எனக்குத் தெரியாது.

அடிப்படைக் கணக்கில் நடக்கும் தவறு ஒன்றை முதலில் தீர்த்துவிடலாம். விளம்பரம் சொல்வது மெகாபிட், போனில் ஃபைல் இறங்கும்போது காட்டுவது மெகாபைட். ஒரு பைட் என்பது 8 பிட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். 2 ஜிபி படத்துக்கு 160 நொடி ஆகும். அவ்வளவு நேரம் எடுத்தால் இணைப்பு சரியாகத்தான் வேலை செய்கிறது, வீணாகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

மூலையில் தெரியும் 5ஜி

திரையின் மேல்மூலையில் 5ஜி என்று வந்தால் நம் டேட்டா 5ஜியில்தான் ஓடுகிறது என்று நினைப்பது பரவலான தவறு. இந்தியாவில் இரண்டு வழிகளில் 5ஜி வந்தது. ஜியோ தொடக்கத்திலிருந்தே தனித்து இயங்கும் 5ஜியைக் கட்டியது. ஏர்டெல் தொடங்கியது 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் வகையில். இந்த இரண்டாவது வகையில் போன் முதலில் 4ஜியோடுதான் இணைகிறது. 'இந்தப் பகுதியில் 5ஜி சேர்த்துக்கொள்ள முடியும்' என்று அந்த 4ஜி கோபுரம் ஓர் அறிவிப்பை ஒலிபரப்புகிறது. அதைக் கேட்ட உடனேயே பல போன்கள் 5ஜி அடையாளத்தைக் காட்டிவிடும். உண்மையான 5ஜி அலை உங்கள் அறைக்குள் எட்டாவிட்டாலும் காட்டும்.

அடையாளத்தை வைத்தே விளையாடிய கதையும் உண்டு. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2019 தொடக்கத்தில், மேம்படுத்திய 4ஜி இணைப்பில் இருந்த போன்களில் '5ஜி இ' என்று காட்ட ஆரம்பித்தது. விளம்பரங்களை ஆராயும் அந்நாட்டுச் சுயகட்டுப்பாட்டு வாரியம், அந்தப் பெயரை விளம்பரத்தில் பயன்படுத்துவதை நிறுத்தச் சொன்னது 2020 மே மாதம். அதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

சிக்னல் கோடுகளையும் அளவுகோலாக எடுக்க வேண்டாம். நான்கு கோடு என்றால் எவ்வளவு என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் சிம் நிலைப் பக்கத்தில், சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் (dBm) அளவு இருக்கும். மைனஸ் 80 அல்லது 90 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டி 115, 120 என்று போனால் விளம்பரம் என்ன சொன்னாலும் அங்கே வேகம் வராது.

அலையும் சுவரும்

நம் ஊரில் 5ஜியின் பெரும்பகுதி 3.3 முதல் 3.67 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் ஓடுகிறது. கிட்டத்தட்ட 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருப்பதால்தான் இதில் நூற்றுக்கணக்கான எம்பிபிஎஸ் சாத்தியமாகிறது. கோபுரத்தை நேரே பார்க்கும் மொட்டைமாடியில், ஆள் அரவம் இல்லாத நேரத்தில், 1 ஜிகாபிட் தொடுவதுகூட நடக்கும். ஆனால் இந்த அலை கான்கிரீட்டையும் கம்பியையும் வெயில் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியையும் ஊடுருவத் திணறும். வாசலில் 400 வந்த போன் சமையலறையில் 15 காட்டுவது பழுதல்ல, அலையின் இயல்பு.

சுவரைத் தாண்ட 700 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. 2022 அலைவரிசை ஏலத்தில் ஜியோ மட்டும் அதை நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் வாங்கியது. உள்ளறை வரை வரும், கிராமத்தில் பல கிலோமீட்டர் பரவும். ஆனால் கிடைத்தது 10 மெகாஹெர்ட்ஸ் இணை, அதாவது பதிவிறக்கத்துக்கு 10, பதிவேற்றத்துக்கு 10. அகலம் பத்தில் ஒரு பங்காகும்போது வேகமும் அதற்கேற்பச் சுருங்கும். உங்கள் போன் 5ஜியில் இருக்கும், உண்மையான 5ஜியாகவும் இருக்கும், ஆனாலும் நல்ல 4ஜியைவிடப் பெரிய வித்தியாசம் தெரியாது. இந்த இரண்டையும் ஒரே பெயரில் விற்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

26 ஜிகாஹெர்ட்ஸ் என்னும் மில்லிமீட்டர் அலைதான் பல ஜிகாபிட் விளம்பரங்களின் ஊற்று. அமெரிக்காவில் வெரைசன் 2019 ஏப்ரலில் சிகாகோவிலும் மினியாபொலிஸிலும் இந்த வகையில் தொடங்கியது. தெருமுனையில் அபார வேகம் வந்தது, கட்டடத்துக்குள் நுழைந்ததும் இணைப்பு போனது. இங்கே விற்கும் பெரும்பாலான போன்களில் இந்த அலையைப் பிடிக்கும் வசதியே இல்லை. ஆகவே போன் வாங்கும்போது பெட்டியில் '5ஜி' என்று போட்டிருப்பதோடு நிற்காமல் என்78 (3.3 ஜிகாஹெர்ட்ஸ் பகுதி), என்28 (700 மெகாஹெர்ட்ஸ்) ஆகிய பட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தனித்து இயங்கும் 5ஜி ஆதரவு உண்டா என்றும் பாருங்கள். 2022-இல் ஐபோன் வைத்திருந்தவர்களுக்கே டிசம்பரில் வந்த மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகுதான் இந்திய 5ஜி வேலை செய்தது.

கோபுரம் ஊருக்குப் பொது

விளம்பர எண்ணுக்கும் கையில் கிடைக்கும் எண்ணுக்கும் இடைவெளி வரப் பெரிய காரணம் பங்கீடு. இதை எந்த விளம்பரமும் பேசாது. அடுக்குமாடியில் காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டுக் குழாயும் திறந்திருக்கும்போது உங்கள் குழாயில் என்ன வருமோ, இரவு ஒன்பது மணிக்குக் கோபுரத்திலும் அதுதான். ஒரு கோபுரத்தின் ஒரு திசை 1 ஜிகாபிட் தரக்கூடியது என்று வையுங்கள். 50 பேர் ஒரே நேரத்தில் வீடியோ இறக்கினால் ஆளுக்கு 20 எம்பிபிஎஸ். ஓரத்தில், சிக்னல் பலவீனமாக இருப்பவருக்கு அதே வீடியோவை அனுப்பக் கோபுரம் அதிக நேரம் செலவிட வேண்டியிருக்கும். அதனால் மொத்தமே குறையும். சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும் மாலையில் மைதானத்துக்குள் யாரால் ஒரு வீடியோ அனுப்ப முடிகிறது?

இன்னொன்று, கோபுரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. ஃபைபர் வந்திருந்தால் சரி. மைக்ரோவேவ் தட்டின் வழியே இன்னொரு கோபுரத்தோடு இணைந்திருந்தால், அந்தத் தட்டு தாங்கும் அளவுதான் ஊருக்கே கிடைக்கும். சிற்றூர்களில் சிக்னல் முழுதாக இருந்தும் வேகம் இல்லாததற்கு இது ஒரு காரணம்.

டெஸ்ட் எடுக்கும் விதம்

ஸ்பீட் டெஸ்டை ஒரு முறை ஓட்டி, கண்ணில் பட்ட பெரிய எண்ணைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதில் பயன் இல்லை. இந்தச் செயலிகள் வழக்கமாக அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும். சில சமயம் அது உங்கள் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும். ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து குழாயை நிரப்பிப் பார்க்கும். நீங்கள் பார்க்கும் தளமோ மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம்.

ஆகவே இரண்டு செயலிகளில் பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் அதன் சொந்த வீடியோ சர்வர்களிலிருந்து அளக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-இல் வெளியிட்ட மைஸ்பீட் செயலி அளவை டிராய்க்கே அனுப்புகிறது. காலை, மதியம், இரவு ஒன்பது என்று நேரம் மாற்றி, நீங்கள் உண்மையில் போன் பார்க்கும் கட்டிலிலும் மேசையிலும் வைத்து அளங்கள். வந்தவற்றில் மிகக் குறைந்ததை உங்கள் வேகம் என்று கொள்ளுங்கள். ஒரு கவனம்: 400 எம்பிபிஎஸ் இணைப்பில் பத்து நொடி டெஸ்ட் ஓடினாலே 500 எம்பி காலி.

'1 மில்லிநொடித் தாமதம்' என்று படித்திருப்பீர்கள். அது தொழிற்சாலை இயந்திரங்கள் போன்ற தனிப் பயன்களுக்கான இலக்கு, அதுவும் போனுக்கும் கோபுரத்துக்கும் இடையே மட்டும். சென்னையிலிருந்து மும்பை சர்வருக்கு ஃபைபரில் ஒளி போய்வரவே ஏறக்குறைய 10 மில்லிநொடி ஆகும். கேம் ஆடும் பிள்ளைகள் இதற்காகப் போன் மாற்றச் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

பதிவேற்றத்தையும் மறக்கக் கூடாது. வீடியோ போடுபவர்கள், ஆன்லைனில் வகுப்பெடுப்பவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 3.5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் நேரத்தின் பெரும்பங்கு பதிவிறக்கத்துக்கே ஒதுக்கப்படுகிறது. போனின் ஒலிபரப்புத் திறனும் கோபுரத்தினுடையதைவிட மிகக் குறைவு. பதிவிறக்கம் 300 இருந்தால் பதிவேற்றமும் அதன் பக்கத்தில் இருக்கும் என்று நம்பி நேரலைக்கு உட்காராதீர்கள்.

ரீசார்ஜுக்கு முன்

'அன்லிமிடெட் 5ஜி' என்பது போன் 5ஜியில் இருக்கும்வரைதான். உள்ளறைக்குப் போய் 4ஜிக்கு இறங்கியதும் திட்டத்தில் உள்ள தினசரி 2 ஜிபி போன்ற ஒதுக்கீட்டிலிருந்து கழியத் தொடங்கும். அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ். நொடிக்கு 8 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வந்த 2 எம்பி ஆவணம் திறக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். எனவே வீட்டுக்குள் 5ஜி நிலையாக நிற்காதவர்கள் அந்த வார்த்தைக்காகக் கூடுதல் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை.

வேக விளம்பரத்தைப் பார்த்துவிட்டு 365 நாள் ரீசார்ஜ் போடுவதுதான் பணம் அதிகம் வீணாகும் தவறு. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் மீதி நாட்கள் கூடவே வராது. மாற்றிய பின் அடுத்த மாற்றத்துக்கு 90 நாள் காத்திருக்கவும் வேண்டும். முதலில் அந்த நிறுவனத்தின் இரண்டாவது சிம் ஒன்றில் குறைந்த நாள் ரீசார்ஜ் போட்டு, இரவு நேரத்தில் வீட்டுக்குள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டிராயின் 2024 விதிகளின்படி நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பை வரைபடமாக இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதையும் பாருங்கள், ஆனால் வரைபடம் தெருவைச் சொல்லும், உங்கள் படுக்கையறையைச் சொல்லாது.

2023 ஜனவரியில் அரசு பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. சட்டம் சொல்வது 2, விளம்பரம் சொன்னது 1000. இடைப்பட்டது முழுக்க நம் எதிர்பார்ப்பு. பிரிட்டனில் 2018 மே முதல் வீட்டு இணைய விளம்பரங்களில், இரவு 8 முதல் 10 மணிக்குள் குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும் சராசரி வேகத்தைத்தான் போட வேண்டும். முன்பு பத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலே போடலாம் என்றிருந்தது. மொபைல் விளம்பரங்களுக்கு அப்படி ஒரு விதி இங்கே வரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதுவரை, உங்கள் இடத்தில் சேவை மோசமாக இருந்தால் 198-க்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. விளம்பரமே தவறாக வழிநடத்தியது என்று கருதினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்கே போனாலும் தேதி, நேரம், இடம், டிபிஎம் அளவு, இரண்டு செயலிகளின் முடிவு ஆகியவை கையில் இருக்கட்டும். 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால் போனை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு அந்தப் புகாரை முடித்துவிடுவார்கள்.