புதுப்படமா, புது உறையா? வீட்டில் பார்க்கப் படம் தேர்ந்தெடுக்கும் முறை

டிஸ்க்காகவும் வாடகைக்கும் ஓடிடியிலும் ஒரே வாரத்தில் வந்து குவிகிற படங்களில் பத்தில் ஒன்றைப் பார்க்க நினைத்தாலே தூக்கம் கெடும். தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். அதில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "படம் நல்லா இருக்கா?" என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் பார்க்கும் படத்துக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: கைக்கு வந்திருக்கும் பதிப்பு எப்படி? அருமையான படம் மோசமான பதிப்பில் வரும். சுமாரான படத்தை ராஜமரியாதையோடு பெட்டி போட்டு விற்பார்கள். கீழே உள்ள வரிசையில் பார்த்தால் ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

படி 1: ஆண்டையும் இயக்குநரையும் பாருங்கள்

"புதிதாக வந்தவை" என்ற தலைப்பின் கீழ் மூன்று வகைப் படங்கள் கலந்து கிடக்கும். தியேட்டரில் ஓடி முடித்து வருபவை, தியேட்டர் பக்கமே போகாமல் நேராக வீட்டுக்கு வருபவை, பழைய படத்தின் புதுப் பதிப்புகள். ஓடிடியில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். படம் அந்தத் தளத்தில் ஏறிய தேதிதான் அங்கே "புதிது". எடுத்தது இருபது ஆண்டுகளுக்கு முன்பாகக்கூட இருக்கலாம்.

முதல் வகைக்கு விமர்சனங்கள் ஏற்கெனவே கிடைக்கும். படி 3 போதும். மூன்றாம் வகையில் படத்தின் பெயர் ஊரறிந்தது. படி 4-இல்தான் வேலை. எச்சரிக்கை தேவைப்படுவது இரண்டாம் வகைக்கு. வெற்றிப் படத்தின் பெயரோடு 3, 4 என்று எண் போட்டு நேராக வீட்டுக்கு வரும் தொடர்ச்சிகளில், முதல் படத்தின் இயக்குநரோ எழுத்தாளரோ முக்கிய நடிகரோ ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். மூவருமே இல்லையென்றால் பெயரை மட்டும்தான் வாங்கியிருக்கிறார்கள். தியேட்டரில் ஓடும் பெரிய படத்தின் பெயரையும் போஸ்டரையும் சாயலாகக் காப்பியடித்து வருபவையும் உண்டு. அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாமல் இருக்க, பெயரோடு ஆண்டையும் இயக்குநரையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 2: டிரெய்லரைப் பாதியில் நிறுத்துங்கள்

முதல் ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு படத்தின் பின்பாதியை எடுத்துக் கொட்டிவிடுவார்கள். டிரெய்லரை வெட்டுவது பெரும்பாலும் வேறு ஆட்கள். ஆகவே ஒளிப்பதிவு எப்படி, நடிகர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கு அது சாட்சி. படம் விறுவிறுப்பாக ஓடுமா என்பதற்கு இல்லை.

படி 3: மதிப்பெண்ணைப் பிரித்துப் படியுங்கள்

விமர்சகர்களின் கருத்தைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதம் மதிப்பெண் அல்ல, தலைக்கணக்கு. எத்தனை விமர்சகர்கள் "பார்க்கலாம்" என்றார்கள் என்பதை மட்டுமே அது சொல்லும். பத்துப் பேர் விமர்சனம் எழுதியதாக வைத்துக்கொள்வோம். பத்துப் பேரும் "பரவாயில்லை" என்று பத்துக்கு 6 கொடுத்தால் அந்தப் படத்துக்கு 100 சதவீதம். இன்னொரு படத்துக்கு ஏழு பேர் 9 கொடுத்து, மூன்று பேர் 4 கொடுத்தால் 70 சதவீதம்தான். ஆனால் சராசரி முதல் படத்துக்கு 6, இரண்டாவதுக்கு 7.5. நினைவில் நிற்கப்போவது பெரும்பாலும் இரண்டாவது படம்தான். கூடவே, மூன்று பேருக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதும் படித்துப் பார்க்கத் தக்கது. அதேபோன்ற மெட்டாகிரிட்டிக் தளம் 100-க்கு எடையிட்ட சராசரியை, அதாவது சில விமர்சகர்களுக்குக் கூடுதல் முக்கியத்துவம் கொடுத்துப் போட்ட சராசரியைத் தருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேலே சொன்ன வித்தியாசம் தெரிந்துவிடும்.

பார்வையாளர் மதிப்பெண்ணில் சராசரியைவிட அதன் வடிவம் முக்கியம். பார்வையாளர்கள் மதிப்பிடும் லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை எத்தனை பேர் போட்டார்கள் என்பது சின்னப் பட்டைகளாகத் தெரியும். ஐஎம்டிபியிலும் 1 முதல் 10 வரை அந்தப் பிரிப்பு உண்டு. நடுவில் குன்று மாதிரி குவிந்திருந்தால் பலருக்கும் ஒரே கருத்து, சராசரியை நம்பலாம். இரண்டு ஓரங்களும் உயர்ந்து நடு பள்ளமாக இருந்தால் ரசிகர் சண்டை நடக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணால் பயனில்லை. வந்து ஓரிரு நாளே ஆன படத்துக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஆவலோடு காத்திருந்தவர்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தால் கணக்கு தெளியும்.

பிறகு இரண்டே விமர்சனங்கள் படியுங்கள். ஐந்து நட்சத்திரமும் வேண்டாம், ஒரு நட்சத்திரமும் வேண்டாம்; மூன்று கொடுத்தவர்களுடையதை எடுங்கள். ஏன் பிடித்தது, எங்கே இடித்தது என்று காரணத்தோடு எழுதுகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அவர் குறையாகச் சொல்வது உங்களுக்கு நிறையாகவும் இருக்கலாம். "ரொம்ப மெதுவாகப் போகிறது" என்ற ஒரே வரியில் சிலர் படத்தைத் தள்ளிவிடுவார்கள், சிலர் உடனே தேடி எடுப்பார்கள்.

படி 4: பதிப்பைச் சோதியுங்கள்

பழைய படம் என்றால் இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள்.

முதலில் ஓடும் நேரம். தியேட்டரில் ஓடிய நேரத்தையும் உறையில் போட்டிருக்கும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடம் என்று இருந்தால் பதற வேண்டாம். படம் நொடிக்கு 24 பிரேமில், அதாவது 24 அசையாப் படங்களாக எடுக்கப்படுவது. பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடியில் அதை 25 பிரேமாக ஓட்டுவார்கள். அதனால் 4 சதவீதம் வேகம் கூடி, குரலும் துளி கீச்சென்று ஏறும். காட்சி எதுவும் போயிருக்காது. அதே படம் 90 நிமிடம் என்றால் யாரோ கத்தரி போட்டிருக்கிறார்கள். நேரம் கூடியிருந்தால் இயக்குநர் பதிப்பாகவோ நீட்டிக்கப்பட்ட பதிப்பாகவோ இருக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் தியேட்டர் பதிப்பிலிருந்து தொடங்குவது நல்லது. கூடுதல் காட்சிகள் பல நேரம் வெட்டத் தகுந்த காரணத்தோடு வெட்டப்பட்டவைதான்.

அடுத்தது சட்டகம், அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். திரையில் கறுப்புப் பட்டை வந்தால் "படம் முழுசா தெரியல" என்று நினைப்பது தலைகீழ்ப் புரிதல். 2.39:1 அகலப் படத்துக்கு மேலும் கீழும் பட்டை வரவேண்டும். 1.37:1 பழைய படத்துக்கு இடமும் வலமும் வரவேண்டும். 1.85:1 மட்டும்தான் இன்றைய 16:9 டிவியை ஏறக்குறைய நிரப்பும். 1940-களில் வந்த படம் உங்கள் டிவியை முழுசாக நிரப்பினால், தலையும் காலும் வெட்டுப்பட்டிருக்கிறது அல்லது முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டிருக்கின்றன.

மூன்றாவது, மூலப் பிரதி. உறையில் "4கே" (ஏறக்குறைய 4,000 பிக்சல் அகலம்) என்று இருப்பது டிஸ்க்கில் பதிந்த காட்சியின் பிக்சல் அளவு. படம் அந்த அளவில் உருவானது என்று பொருள் அல்ல. 2000-க்குப் பிந்தைய டிஜிட்டல் படங்களில் ஏராளமானவை 2கே மாஸ்டரில் (மற்ற பிரதிகளுக்கெல்லாம் மூலமான இறுதிப் பிரதி), அதாவது 2048 பிக்சல் அகலத்தில் முடிக்கப்பட்டவை. 4கே டிஸ்க்கில் வருவது அதைப் பெரிதாக்கிய பிரதி. ஃபிலிமில் எடுத்த படத்துக்கு "மூலக் கேமரா நெகட்டிவிலிருந்து புதிய 4கே ஸ்கேன்" என்ற வாசகத்தைத் தேடுங்கள். "டிஜிட்டலில் மெருகூட்டப்பட்டது" என்று மட்டும் இருந்தால், என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பழைய மாஸ்டரையே துடைத்துக் கொடுத்திருக்கலாம். அப்படித் துடைக்கும்போது ஃபிலிமின் மணித்துகளைப் போக்கக் கணினியை அதிகம் முடுக்கினால் முகங்கள் மெழுகுப் பொம்மைபோல் ஆகிவிடும். டிஸ்க் விமர்சனங்களில் வரும் ஸ்டில்களில் கன்னம், தலைமுடி, துணியின் நெசவு மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். மணல் தூவியதுபோல் மெல்லிய துகள் தெரிந்தால் அது குறை அல்ல, ஃபிலிமின் இயல்பு.

ஒலியில் பார்க்க வேண்டியது ஒன்றே: மூல மொழி ஒலித்தடமும், நீங்கள் படிக்கக்கூடிய சப்டைட்டிலும் இருக்கின்றனவா? டப்பிங் மட்டும் இருந்தால் வேறு பதிப்பு தேடுங்கள். ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகியவை தரம் குறையாத ஒலித்தடங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர் அதற்காகக் கூடுதல் காசு கொடுத்துப் பயனில்லை.

படி 5: எந்த வடிவத்தில்?

டிவிடியில் 720×480 அல்லது 720×576, ப்ளூரேயில் 1920×1080, அல்ட்ரா எச்டி ப்ளூரேயில் 3840×2160 பிக்சல். பெரிய எண் கண்ணுக்குத் தெரியுமா என்பது நீங்கள் உட்காரும் தூரத்தைப் பொறுத்தது. 55 அங்குல டிவியை 10 அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் ப்ளூரேயின் பிக்சலையே சாதாரணக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. 4கே கூடுதலாகத் தரும் நுணுக்கம் அங்கே வீண். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை அதிகமாகக் காட்டும் முறை) தரும் வெளிச்சமும் நிறமும் மட்டும் அந்தத் தூரத்திலும் தெரியும், டிவி அதைத் தாங்கினால்.

இருட்டுக் காட்சிகள் நிறைந்த படத்துக்கு டிஸ்க் நல்லது. ப்ளூரேயில் காட்சிக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. ஓடிடி அதைவிட மிகக் குறைவாகச் சுருக்கி அனுப்புவதால்தான் இரவு வானம் படிக்கட்டுப்போல் வரிவரியாகத் தெரிகிறது. வசனமும் வீட்டுக்குள் நடக்கும் கதையுமாக இருந்தால் ஓடிடியே போதும்.

வெளிநாட்டு டிஸ்க் வாங்கும் முன் மண்டலக் குறியைப் பாருங்கள்; அது உங்கள் பிளேயரின் மண்டலத்தோடு பொருந்தாவிட்டால் டிஸ்க் ஓடாமல் போகலாம். டிவிடிக்கு 1 முதல் 6 வரை, ப்ளூரேக்கு ஏ, பி, சி. அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்குப் பூட்டு இல்லை. ஆனால் அதே பெட்டியில் இலவசமாக வைத்திருக்கும் ப்ளூரேக்கு இருக்கலாம். அல்ட்ரா எச்டி டிஸ்க் சாதாரண ப்ளூரே பிளேயரில் ஓடாது என்பதைப் பெட்டியைப் பிரித்த பிறகு கண்டுபிடிப்பவர்கள் நிறைய.

படி 6: வாடகையா, வாங்குவதா?

முதலில், எந்தப் படம் எந்தச் சேவையில் இருக்கிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் போன்ற தளத்தில் தேடுங்கள். நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டும் சேவையிலேயே படம் கிடக்கலாம். இல்லையென்றால் வாடகை. மறுபடியும் பார்ப்போம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் டிஸ்க். ஓடிடியில் "வாங்கு" என்ற பொத்தான் கொடுப்பது பார்க்கும் உரிமத்தை மட்டுமே. தளத்துக்கும் தயாரிப்பாளருக்கும் ஒப்பந்தம் முடிந்தால் படம் உங்கள் பட்டியலிலிருந்து காணாமல் போகலாம்.

டிஜிட்டல் வாடகையில் பொதுவாக இரண்டு கெடு உண்டு. பணம் கட்டியதிலிருந்து தொடங்குவதற்கு 30 நாள், தொடங்கியதிலிருந்து முடிப்பதற்கு 48 மணி நேரம். "சும்மா ஓடுதான்னு பார்ப்போம்" என்று ஒரு நொடி அழுத்தினாலும் இரண்டாவது கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். மூன்று மணி நேரப் படத்தை, மறுநாள் வேலை இருக்கும் இரவில் பத்து மணிக்குத் தொடங்காதீர்கள்.