பேஸ் கிட்டாரில் கை வைப்பதற்கு முன்

ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி தன் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். கூழ் ஊற்றும் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுக்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அவனுக்கு முதல் கச்சேரி அந்த வெள்ளிக்கிழமை. "எல்லாக் கம்பியும் கரகரவென்று அதிர்கிறது அண்ணா, நெக் போய்விட்டது போல" என்றான்.

விசாரித்தபோது கதை வேறாக இருந்தது. முதலில் அதிர்ந்தது தடித்த இ கம்பி மட்டும்தான். "டிரஸ் ராடை முறுக்கு, சரியாகிவிடும்" என்று குழுவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கழுத்துக்குள் ஓடும் அந்த இரும்புக் கம்பியின் முனைக் குழியில், கையில் கிடைத்த ஆலன் கீயை நுழைத்து முழுதாக இரண்டு சுற்று முறுக்கிவிட்டான். மில்லிமீட்டர் அளவுக் குழிக்குள் அங்குல அளவுக் கீ. குழியின் மூலைகள் மழுங்கிவிட்டன, கழுத்து பின்பக்கமாக வளைந்துவிட்டது, நான்கு கம்பிகளும் கழுத்தின் குறுக்கே பதிந்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளில் உரசத் தொடங்கிவிட்டன.

உண்மையான கோளாறு, உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் இருந்தது. இ கம்பி உட்காரும் சேடிலைத் தாங்கும் இரண்டு சின்னத் திருகுகள் அதிர்ந்து அதிர்ந்து கீழே இறங்கியிருந்தன. அவற்றை உயர்த்த ஒரு நிமிடம் ஆனது. மழுங்கிய குழியைச் சரிசெய்ய அரை நாள் ஓடிவிட்டது.

பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட கருவிகளைத் திறந்து பார்த்து வருகிறேன். வட சென்னையில் வாசித்துத் தேய்ந்த பேஸை விட, அவசரமாகத் திருத்தப்போய்க் கெட்ட பேஸ்தான் அதிகம். கோளாறு ஓரிடத்தில் இருக்கிறது, கை போவது வேறிடத்துக்கு. ஆகவே எந்தத் திருகைத் தொடுவதற்கு முன்பும் உரசல் எங்கே கேட்கிறது என்று கம்பி கம்பியாக, ஃபிரெட் ஃபிரெட்டாக வாசித்துப் பாருங்கள். ஒரே கம்பியில் எல்லா இடத்திலும் என்றால் அதன் சேடிலைப் பாருங்கள். விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் உரசி, விரல் வைத்தால் சுத்தமாக ஒலித்தால் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட் என்ற சிறு துண்டின் பள்ளம் தேய்ந்திருக்கிறது. முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் எல்லாக் கம்பியும் உரசினால் கழுத்து நேராகவோ பின்னோக்கியோ போயிருக்கிறது. ஒரே ஒரு ஃபிரெட்டில் என்றால் அடுத்த ஃபிரெட் மேலே எழும்பியிருக்கிறது, அதற்கு டிரஸ் ராட் மருந்தே இல்லை.

கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான்கு பேஸ் கம்பிகளும் சுருதியில் நிற்கும்போது சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 80 கிலோ. அந்த இழுப்பை எதிர்த்து நிற்கத்தான் கழுத்துக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது. கழுத்து அச்சாக நேராக இருக்க வேண்டும் என்று நினைப்பதே முதல் தவறு. அதிரும் கம்பிக்கு இடம் வேண்டும், அதனால் கழுத்துக்கு மிக மெல்லிய முன்வளைவு தேவை. அளக்கும் வழி எளிது. கம்பியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் அருகே கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். ஒரு விசிட்டிங் கார்டு உரசாமல் நுழைய வேண்டும், ஆடக் கூடாது.

டிரஸ் ராடை முறுக்குவதானால் சரியான அளவுக் கீயை மட்டும் பயன்படுத்துங்கள். வலப்பக்கம் திருப்பினால் கழுத்து பின்னோக்கி நிமிரும், இடப்பக்கம் திருப்பினால் முன்வளைவு கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்று. பிறகு கம்பிகளை மறுபடி சுருதி கூட்டி, அளந்து, ஒரு நாள் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். மரம் மெதுவாகத்தான் பதில் சொல்லும். கீ இறுகி நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உள்ளே ராட் முறிந்துவிட்டால் புதுக் கழுத்துக்கே கிட்டாரின் விலையில் பாதி போய்விடும்.

கம்பியின் உயரத்தைக் குறைப்பதற்காக டிரஸ் ராடை முறுக்குகிறவர்களும் உண்டு. உயரம் சேடிலின் வேலை. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் இ கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், ஜி கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்துத் தொடங்கலாம். கழுத்தைச் சரிசெய்த பிறகே உயரம், உயரத்துக்குப் பிறகே சுருதித் திருத்தம். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல் விரலால் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக வர வேண்டும். அழுத்தியது கூடுதல் சுருதியில் இருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், குறைவாக இருந்தால் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பழைய கம்பியை வைத்துக்கொண்டு இதைச் செய்வது வீண் வேலை. தேய்ந்த கம்பி எந்த நாளும் ஒழுங்காகச் சுருதி காட்டாது.

உப்புக் காற்று

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்களின் கிட்டாரில் உப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. புதுக் கம்பி பெங்களூரில் இருக்கும் நாளில் பாதிகூட இங்கே பளபளப்போடு இருப்பதில்லை. "ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியை மாற்றவே மாட்டாராமே" என்று இளைஞர்கள் என்னிடம் வாதாடுவார்கள். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்தின் அந்த மகத்தான பேஸ் கலைஞர் 1962-இல் தயாரான ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் வாசித்ததும், அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்றாததும் உண்மைதான். ஆனால் அவர் பூட்டியிருந்தது தட்டையான மேற்பரப்புள்ள ஃபிளாட்வவுண்ட் கம்பி. நம் கடைகளில் வாங்கும் சாதாரண ரவுண்ட்வவுண்ட் கம்பியின் பள்ளங்களில் வியர்வையும் உப்பும் தங்கித் துருவாகும், அந்தத் துரு அரம்போல ஃபிரெட்டைத் தின்னும். அவர் ஒலிதான் வேண்டும் என்றால் ஃபிளாட்வவுண்ட் வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் நீண்ட நாள் உழைக்கும்.

வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியும் மேலுமாக ஓர் இழுப்பு இழுத்துத் துடைத்தாலே ஆயுள் பெருமளவு நீளும். ஒரு நிமிட வேலையைச் சோம்பல் பார்த்துத் தள்ளிவிட்டு, பிறகு கம்பியைக் கொதிநீரில் போட்டு வேகவைக்கிறோம். வேகவைத்தால் அழுக்கு போகும், ஒலி சில நாள் துள்ளும், பிறகு பழையபடி அடங்கிவிடும். துரு ஏறிய கம்பிக்கு அதுவும் பயனில்லை.

ஃபிரெட்டுகள் பதிந்த பலகையான ஃபிங்கர்போர்டில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நம் வீடுகளில் எல்லா மரத்துக்கும் அதுதான் கைவசம் இருக்கும் மருந்து என்பதால் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. அது நாளடைவில் சிக்குப் பிடித்து, தூசியைச் சேர்த்து, ஃபிரெட் ஓரங்களில் கறுப்புப் பசையாக நிற்கும். ரோஸ்வுட் பலகைக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மினரல் ஆயில் கலந்த லெமன் ஆயில் துளியளவு போதும், தடவியதும் துடைத்துவிட வேண்டும். வார்னிஷ் போட்ட மேப்பிள் பலகைக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். பிரிட்ஜின் திருகுகள் துருவேறி இறுகாமல் இருக்க, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி குச்சியில் தொட்டு வைக்கலாம். அது உலோகத்துக்கு மட்டும்.

புதுக் கம்பி மாட்டும்போது நடக்கும் ஒரு தவறு கண்ணுக்கே தெரியாது. நீளமான கம்பியை முறுக்காணிக்கு மேலே வெட்டுவோம் இல்லையா, வெட்டுவதற்கு முன் வெட்டும் இடத்துக்குச் சற்று இப்பால் செங்கோணமாக மடிக்க வேண்டும். மடிக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று உள்கம்பியின் மேல் நழுவித் தளரும், புதுக் கம்பி முதல் நாளே செத்த ஒலி தரும். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

மின்சாரம்

வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். அது உள்ளே பிசுக்காகத் தங்கும். மின்னணுப் பாகங்களுக்கான கான்டாக்ட் கிளீனர் ரிச்சி தெருவில் கிடைக்கிறது. சிறிது அடித்துக் குமிழை முப்பது முறை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். குமிழின் பாகத்தையே மாற்றுவதானால் பழையதன் மேல் எழுதியுள்ள மதிப்பைக் குறித்துக்கொண்டு போங்கள். சாதாரண பேஸில் பெரும்பாலும் 250 கிலோ ஓம், பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸில் பல நேரம் 25 கிலோ ஓம். மாற்றி வாங்கினால் ஒலி மங்கும், அல்லது குமிழ் ஒழுங்காக வேலை செய்யாது.

ஈயம் வைக்கும்போது 25 வாட் சால்டரிங் அயர்னை வால்யூம் பாகத்தின் முதுகில் நிமிடக்கணக்கில் அழுத்திப் பிடிப்பவர்கள் உண்டு. ஈயம் உருகுவதற்குள் உள்ளே இருக்கும் கார்பன் தடம் வெந்துவிடும். 40 வாட்டுக்கு மேல் சக்தியுள்ள கருவியால் இரண்டு மூன்று விநாடியில் முடித்துவிட வேண்டும். அமிலப் பசை வேண்டாம், ரோசின் உள்ள ஈயக் கம்பியே போதும்.

ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்களே, கேபிளைச் செருகியபடி இரவெல்லாம் விட்டுவிடாதீர்கள். ஜாக்குக்குள் கேபிள் நுழைந்ததும் உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி இயங்கத் தொடங்கும், நீங்கள் வாசிக்காவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். பேட்டரி மேடையில் பாட்டின் நடுவில்தான் தன் முடிவை அறிவிக்கும். ஜாக் ஆடத் தொடங்கினால் வெளியிலிருந்து நட்டை மட்டும் முறுக்குவதும் தவறு. உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று அதன் ஒயர் அறுந்துபோகும். தகட்டைக் கழற்றி, ஜாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள்.

இதுவரை சொன்னவையெல்லாம் பணத்தோடு போகிற தவறுகள். ஒன்று உயிரோடு விளையாடுகிறது. தெருவில் பந்தல் போட்டு, எங்கிருந்தோ இழுத்த ஒயரிலோ ஜெனரேட்டரிலோ ஆம்பை, அதாவது ஆம்பிளிஃபயரை, ஓட்டும்போது 'ஹம்' என்ற இரைச்சல் வரும். அதைப் போக்க பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடுகிறார்கள், அல்லது எர்த் ஒயரைப் பிரித்துவிடுகிறார்கள். இரைச்சல் போய்விடும். ஆம்புக்குள் ஒரு ஒயர் உடைந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், கேபிள் வழியாக மின்சாரம் கம்பிக்கு வந்து வாசிப்பவரின் கையில் நிற்கும். அந்தக் கையோடு உதடு மைக்கைத் தொட்டால் உடல் வழியே பாயும். ஸ்டோன் தி க்ரோஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972-இல் ஸ்வான்சீ நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பயப்பட வேண்டாம், கிட்டாருக்குள் எர்த் இணைப்பு வேலை செய்கிறது. தொட்டதும் சுருக்கென்று ஏறினால், அல்லது மைக் உதட்டில் கடித்தால், உடனே நிறுத்திவிட்டு மல்டிமீட்டரால் கம்பிக்கும் மைக்கின் உலோகத்துக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். இரைச்சலைப் போக்க, பேஸின் ஒலியை மிக்சருக்கு அனுப்பும் டிஐ பாக்ஸில் எர்த் பிரிக்கும் சுவிட்ச் இருக்கிறது. அது ஒலிக் கேபிளின் இணைப்பை மட்டும் துண்டிக்கும், மின் இணைப்பின் எர்த்தைத் தொடாது. திருவிழாக் கமிட்டியார் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஸ்பீக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம்பின் பின்னால் 'குறைந்தது 4 ஓம்' என்று இருந்தால் 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணைக்கலாம், சேர்ந்து 4 ஓம் ஆகும். 4 ஓம் பெட்டிகள் இரண்டை இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும், ஆம்ப் வெந்துவிடும்.

விரலும் காதும்

இங்கே பெரும்பாலானோர் இரவில்தான் பழகுகிறோம். ஒட்டுக்குடித்தனத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும், அதனால் ஆம்ப் இல்லாமல் வாசிக்கிறோம். ஒலி கேட்காததால் கம்பியை ஓங்கி இழுக்கிறோம், அந்தப் பழக்கம் மேடைக்கும் வந்து உரசலாகவும் மணிக்கட்டு வலியாகவும் முடிகிறது. சிறிய ஹெட்போன் ஆம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் இல்லாத இரவில் கிட்டாரின் தலையை மரப் பீரோவின் கதவில் லேசாக ஒட்டிவைத்து வாசித்துப் பாருங்கள், கதவே ஒலிப்பெட்டியாகும்.

விரலை இரண்டு ஃபிரெட்டுகளின் நடுவில் வைப்பது இன்னொரு பொதுவான பழக்கம். ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால், ஒட்டி வைத்தால் பாதி அழுத்தமே போதும்.

சர்ச் குழுக்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் நான் அதிகம் கேட்கும் குறை, கீபோர்டு வாசிப்பவரின் இடது கையும் பேஸும் ஒரே ஸ்வரத்தில் மோதிக் கூழாவது. பேஸின் கீழ் இ கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த இடத்தில் இருவருக்கு இடம் இல்லை. ஒத்திகையிலேயே கீபோர்டு கலைஞரிடம் பணிவாகச் சொல்லி இடது கையை மேலே ஏற்றச் சொல்லுங்கள். டோலக்கின் பெரிய பக்கம் விழும் அடியைக் காதால் பிடித்துக்கொண்டு அதோடு உங்கள் ஸ்வரத்தை இறக்குங்கள். இளையராஜாவுக்கு சசிதரனும் ஏ.ஆர்.ரகுமானுக்கு கீத் பீட்டர்ஸும் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பேஸ் எப்போது பேச வேண்டும், எப்போது ஒதுங்க வேண்டும் என்பது காதிலேயே இருக்கிறது.

அக்குஸ்டிக் பேஸ்

உள்ளே வெற்றிடமான மரப்பெட்டி உடலுள்ள அக்குஸ்டிக் பேஸ் கிட்டாரை வாங்கிவிட்டு "சத்தமே இல்லை" என்று வருந்துபவர்கள் உண்டு. கிட்டார் கம்பி தயாரிப்பாளர் எர்னி பால் 1972-இல் எர்த்வுட் என்ற பெயரில் கொண்டுவந்த பேஸின் உடல் அத்தனை பெரிதாக இருந்ததற்குக் காரணமே இதுதான். கீழ் ஸ்வரங்களைக் காற்றில் எழுப்பப் பெரிய பெட்டி வேண்டும். வீட்டில் பாட, இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க அது அருமையான கருவி. டிரம்ஸோ டோலக்கோ வந்துவிட்டால், அதிர்வை மின் ஒலியாக்கும் பிக்கப்பும் ஆம்பும் கட்டாயம்.

இதன் எதிரி வெயில். மேல் பலகையின் மேல் பிரிட்ஜ் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது, கம்பிகள் அதை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் மே மாதம் முழுவதும் வைத்தால் பசை இளகி பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும். தரையிலும் வைக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். இடுப்பு உயரத்துக்கு மேல், உள்சுவரில் மாட்டுங்கள். கடல் பக்கச் சன்னலுக்கு எதிரேயும் வெளிச்சுவரிலும் வேண்டாம்.

நனைந்துவிட்டால் வெயிலில் காயவைக்காதீர்கள், சுருதியோடும் விடாதீர்கள். கம்பிகளைத் தளர்த்தி, துணியால் ஒற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் பல நாள் காயவிட வேண்டும். எலெக்ட்ரிக் பேஸ் என்றால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பின்தகட்டைத் திறந்து வைத்து, உள்ளே ஈரம் முழுவதும் போன பிறகே கேபிளைச் செருகுங்கள்.