மஞ்சளாக எரிந்த கேஸ் கீசர்

குளியலறையில் மாட்டியிருந்த எங்கள் கேஸ் கீசரின் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து, மூடியில் கரி படியத் தொடங்கியதும், காற்று போதாமல் வாயு அரைகுறையாக எரிகிறது என்பது புரிந்தது. அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பவர் மயங்கி விழும்வரை அறியமாட்டார்.

மெக்கானிக் பர்னர் துளைகளில் அடைந்திருந்த தூசியையும் ஒட்டடையையும் நீக்கியதும் சுடர் நீலமானது. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதும் என்று அவர் சொன்னதை நான் ஏற்காமல், கீசரையே காற்றோட்டமுள்ள வெளிச்சுவருக்கு மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரச் செய்தேன். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவியபோது ரெகுலேட்டர் அருகே குமிழ்கள் கிளம்பின. அந்த டியூபை மாற்றிய பிறகே மீண்டும் பற்றவைத்தோம். கசியும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரமே தேங்கும். ஆகவே சிலிண்டர் இருக்குமிடத்தில் கீழ்மட்டத்திலும் காற்றுத் திறப்பு வைத்திருக்கிறோம்.